டெலிக்குப் போனவர்கள்

வேலை முடித்துக் குளித்துவிட்டு, ஒரு காது அடுப்படியிலும் ஒரு காது வானொலியிலுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும், வாசல் திண்ணையில் கால்நீட்டி அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைக் கேட்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

சென்ற பள்ளி விடுமுறையில் நாங்கள் இருபத்து மூன்று பேர் கலாசாரப் பரிமாற்றப் பயணமாக இந்தோனேசியாவுக்குப் போய், சுமத்திராத் தீவின் மேடான் நகரில் ஐந்து நாள் தங்கி வந்தோம். தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் ஆறு பேர், உறுமி மேளம் வாசிக்கும் இளைஞர்கள் எட்டுப் பேர், கோலாட்டம் ஆடும் மாணவிகள் ஆறு பேர், அவர்களுக்குத் துணையாக இரண்டு தாய்மார்கள். இருபத்து மூன்றாவது ஆள் ஒரு பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர். முப்பத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர். அவருக்கு ஆடவும் தெரியாது, பாடவும் தெரியாது. பயணச் செலவுக்கான வெள்ளியைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, "என்னையும் ஏத்திக்கிட்டுப் போங்க வாத்தியாரே" என்று நின்றார்.

காரணம் கேட்டோம். அவருடைய தாத்தாவும் தாத்தாவின் அண்ணனும் செபராங் பிறையில் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். ஒருநாள் அண்ணன்காரர் கூடுதல் சம்பளம் கிடைக்கிறதென்று யாருடனோ கிளம்பிப் போனவர்தான், திரும்பவில்லை. "டில்லிக்குப் போயிட்டார்" என்பதுதான் அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. பிள்ளைகளெல்லாம் இந்தியாவின் டில்லி என்றே நினைத்துக்கொண்டார்கள். கரும்பு வெட்டுகிற மனிதர் எதற்காக டில்லிக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் போவதற்கு முன்னால் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, "மேடான் நகரம் பழைய டெலி நாட்டில் இருக்கிறது" என்று விளக்கினோம். அப்போதுதான் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன பேரு சொன்னீங்க? டெலியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

நேயர்களே, சுமத்திராவின் கிழக்குக் கரையில் டெலி என்று ஒரு சுல்தான் நாடு இருந்தது. நம் பினாங்குக்கு நேர் எதிரே, மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. பெல்ட்டை மாட்டி, கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். இறங்கிய இடம் குவாலாநாமு விமான நிலையம். 2013இல் திறக்கப்பட்டது. அந்த நிலமே முன்பு தோட்ட நிலம்தான். சன்னல் வழியாகப் பார்த்தால் செம்பனை வரிசை. "நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்துட்டோமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்வி எவ்வளவு பொருத்தமானது என்று பிறகுதான் எங்களுக்கே விளங்கியது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

முதல் நாள் எங்களை மைமூன் அரண்மனைக்கு அழைத்துப் போனார்கள். மஞ்சள் நிறமும் பச்சை நிறமுமாக மிக அழகான கட்டடம். டெலி சுல்தான் 1888இல் கட்டத் தொடங்கி 1891இல் முடித்தார். சிறிது தூரத்தில் 1909இல் கட்டி முடித்த பெரிய பள்ளிவாசல். மாணவிகள் அரசி வேடம் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். பாட்டி மட்டும் படியில் உட்கார்ந்து, "இத்தனை பெரிய வீட்டுக்குக் காசு எங்கேருந்து வந்துச்சு?" என்றார். வரலாற்று மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

காசு புகையிலையிலிருந்து வந்தது. 1863ஆம் ஆண்டு நியன்ஹைஸ் என்ற ஒல்லாந்து வணிகர் டெலிக்கு வந்து, சுல்தானிடம் நிலம் வாங்கிப் புகையிலை போட்டார். டெலி மண்ணில் விளைந்த இலை மெல்லியது, கிழியாதது, நல்ல நிறமுடையது. சுருட்டின் உள்ளே வைப்பதற்கல்ல, மேலே சுற்றுவதற்கு அதைப்போல் இலை வேறெங்கும் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் அதற்குப் பெரிய விலை. 1869இல் டெலி நிறுவனம் என்ற பெரிய கம்பெனி உருவானது. அதன்பின் கம்பெனிகள் வரிசையாக வந்தன. நீண்ட காலக் குத்தகைக்குக் காடுகள் கைமாறின. குத்தகைப் பணம் சுல்தானுக்குப் போனது. தங்கள் நிலம் தங்களைக் கேட்காமல் போகிறதென்று சுங்கால் பகுதி மலாய்க்காரர்களும் காரோ மக்களும் 1872இல் ஆயுதம் எடுத்தார்கள். டச்சுப் படை அவர்களை அடக்கியது.

இங்கே ஒரு சிறு செய்தி. சுருட்டுக்கு மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் என்ன சொல் தெரியுமா? "செருத்து". நம் "சுருட்டு"தான் கடல் கடந்து அப்படி ஆயிற்று. ஆங்கிலேயரும் அதே சொல்லைத் தங்கள் வாய்க்குத் தக்கபடி "செரூட்" என்று மாற்றிக்கொண்டார்கள். எங்கள் இளைஞர்கள் இதைக் கேட்டு ரொம்பப் பெருமைப்பட்டார்கள். பெருமைப்படலாம். ஆனால் சுருட்டுக்குப் பெயர் கொடுத்தவர்களின் பிள்ளைகள் சுருட்டு இலைக்காக என்ன பாடுபட்டார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகையிலைக்கு ஆள் வேண்டும். அந்த ஊர் மக்கள் கூலிக்கு வர மறுத்தார்கள். அவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. ஆகவே முதலில் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சீனர்களைக் கொண்டுபோனார்கள். செடி நடுவது, புழு எடுப்பது, இலை பறிப்பது அவர்களுடைய வேலை. பிறகு ஜாவாவிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்தார்கள். தமிழர்கள் ரோடு போடவும், கால்வாய் வெட்டவும், மாட்டுவண்டி ஓட்டவும் அமர்த்தப்பட்டார்கள். டெலியின் பழைய சாலைகளில் தமிழர் கை படாத சாலை குறைவு என்று சொன்னால் அது மிகையாகாது.

தமிழர்கள் எண்ணிக்கை அங்கே ஏன் பெருகவில்லை? இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அரசு டெலிக்கு நேரடியாக ஆள் எடுக்க அனுமதி தரவில்லை. டச்சுக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், பேச்சு முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் பினாங்குக்கு வந்த தமிழர்களில் சிலர் அங்கிருந்து கப்பலேறினார்கள். சிலர் விரும்பிப் போனார்கள். சிலரைத் தரகர்கள் பேச்சுக் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். ஆள் பிடிக்கும் தரகர்களைப் பற்றி 1870களில் பினாங்கில் எத்தனையோ புகார்கள் எழுந்து, 1877இல் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். அனுமதி இல்லாமல் போனவர்களுக்குக் கணக்கும் இல்லை. பாட்டியின் பெரிய தாத்தா எந்தக் கப்பலில் ஏறினார் என்று எந்த ஏட்டிலும் நாம் தேடிப் பிடிக்க முடியாததற்கு இதுதான் காரணம்.

இனி அந்த வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். எங்களோடு வந்த மேடான் ஆசிரியர் ஒருவர் ஒரு பழைய தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்திச் சொன்னார். நாங்கள் ரோட்டோரத்துப் புல்லில் உட்கார்ந்து கேட்டோம்.

1880ஆம் ஆண்டு டச்சு அரசு கூலிச் சட்டம் என்று ஒன்றைப் பிறப்பித்தது. வேலையாள் பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பார். முன்பணம் கொடுப்பார்கள். அந்த முன்பணம் சம்பளத்தில் கழியும். கைநாட்டு வைத்தபின் தோட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் போனாலும், வேலை செய்ய மறுத்தாலும், சோம்பல் என்று துரை எழுதினாலும் அது குற்றம். அபராதம், சிறை, இலவசக் கட்டாய வேலை. ஓடிப்போனவரைப் போலீஸ் பிடித்துத் தண்டனை முடிந்ததும் திரும்ப அதே தோட்டத்தில் கொண்டுவந்து விடும். சம்பள பாக்கி இருந்தால் முதலாளிமேல் வழக்குப் போடலாம், அது பணத் தகராறு. வேலைக்கு வராவிட்டால் தொழிலாளிமேல் கிரிமினல் வழக்கு. ஒரே ஒப்பந்தம், இரண்டு நீதி. இதைக் கேட்டபோது எங்கள் உறுமிக்கார இளைஞர்கள் யாரும் பேசவில்லை.

சம்பளத்தைச் சில தோட்டங்களில் நாணயமாகத் தராமல் தோட்டத்துச் சொந்த வில்லைகளாகத் தந்தார்கள். அந்த வில்லை தோட்டத்துக் கடையில் மட்டும்தான் செல்லும். ஒப்பந்தம் முடிகிற சமயம் பார்த்துச் சூதாட்டத்துக்கு அனுமதி தருவார்கள். மூன்று வருடம் சேர்த்த காசு மூன்று இரவில் போய்விடும். விடிந்தால் கடன். கடனை அடைக்க மறுபடி முன்பணம், மறுபடி மூன்று வருடம். நம் பெரியவர்களுக்குச் சம்பள நாளன்று கள்ளுக்கடை வாசல் எப்படி இருந்தது என்பது நினைவிருக்கும். ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1902ஆம் ஆண்டு மேடானில் இருந்த வான் டென் பிராண்ட் என்ற டச்சு வழக்கறிஞர் "டெலியின் கோடிகள்" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். தொழிலாளரை அடிப்பதும் கட்டிவைப்பதும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருந்தன. தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஒல்லாந்து நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. உண்மையை அறிய ரெம்ரெவ் என்ற அரசு வழக்கறிஞரை அனுப்பினார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய் விசாரித்து 1904இல் அறிக்கை கொடுத்தார். சிறு நூல் சொன்னதைவிட நிலைமை மோசம் என்று அந்த அறிக்கை காட்டியது. அரசு என்ன செய்தது தெரியுமா? அறிக்கையை அச்சிடாமல் பூட்டிவைத்தது. தொழிலாளர் கண்காணிப்புக்கு அதிகாரிகளை நியமித்தது உண்மைதான். ஆனால் அறிக்கை மட்டும் வெளியே வரவில்லை. 1987இல் யான் பிரெமன் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் அதைத் தேடி எடுத்துப் புத்தகமாக வெளியிட்டார். கொடுமை நடந்ததும் தவறு, கொடுமையை எழுதிய தாளை எண்பது ஆண்டு மறைத்ததும் தவறு. எங்களைக் கேட்டால் இரண்டாவதை மன்னிப்பது இன்னும் கடினம்.

1920களின் இறுதியில் கிழக்குச் சுமத்திராவில் ஒப்பந்தத் தொழிலாளர் இரண்டரை இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பெரும்பாலோர் ஜாவாக்காரர்கள். கடைசியில் அந்தச் சட்டத்தை ஆட்டம் காண வைத்தது இரக்கம் மட்டுமல்ல. 1930இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. தண்டனைச் சட்டத்தின் கீழ் கட்டாயமாக வேலை வாங்கி விளைவித்த பொருளுக்கு அமெரிக்காவில் இடமில்லை என்றது. அமெரிக்கப் புகையிலை விவசாயிகளுக்கு அதனால் இலாபம் என்பது வேறு கதை. டெலி இலைக்கு அமெரிக்கா பெரிய சந்தை. உலகப் பொருளாதார மந்தமும் அதே நேரத்தில் வந்தது. 1931 முதல் தோட்டங்கள் ஒப்பந்தங்களைக் கைவிட்டு, சுதந்திரக் கூலிகளை எடுக்கத் தொடங்கின.

மலாயாவிலும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். நம் முன்னோரும் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களே. ஓடினால் அவர்களுக்கும் சிறை உண்டு. ஆனால் இந்திய ஒப்பந்தக் கூலி எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணி முறையே நிலைத்தது. 1923இல் வந்த தொழிலாளர் சட்டம் பழைய தண்டனைகளை நீக்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. ஆயாக் கொட்டகைப் பக்கத்தில், கிராணியே வாத்தியாராக இருந்த பள்ளிதான். இருந்தாலும் பள்ளி.

பள்ளி என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அவரும் நம்மைப்போல் தோட்டப் பள்ளி வாத்தியார். தான் மலாக்கா என்பது பெயர். மேற்குச் சுமத்திராவில் பிறந்தவர். புக்கிட்திங்கியில் ஆசிரியப் பயிற்சி முடித்து, 1913இல் ஒல்லாந்துக்குப் போய் அங்கும் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1919இன் இறுதியில் திரும்பி வந்தவர், மேடானுக்கு அருகே தஞ்சோங் மொராவாவில் செனெம்பா கம்பெனித் தோட்டத்தில் கூலிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி தரும் வேலையில் சேர்ந்தார். கூலி பிள்ளை படித்தால் வேலைக்கு வர மாட்டான் என்பது பல துரைமார்களின் வாதம். அவர் அவர்களோடு வாதாடினார். வெள்ளைத் துரைமாருக்குச் சமமான சம்பளம் ஒரு சுமத்திராக்காரருக்கா என்ற பொறாமையும் இருந்தது. ஒன்றரை ஆண்டுதான், 1921இல் வேலையை விட்டுவிட்டார். தோட்டத்தில் பார்த்தது அவரை மாற்றிவிட்டது. விடுதலைப் போராட்டத்தில் இறங்கி, நாடு நாடாகத் தலைமறைவாகத் திரிந்து, சிறைகளில் கிடந்து, 1949இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய பொதுவுடைமைக் கொள்கையை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. இந்தோனேசியா 1963இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. நாங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் இவர் பெயரை யாரும் சொல்லவில்லை. தஞ்சோங் மொராவா வழியாக வண்டி போனபோது எங்கள் ஆசிரியர்கள் ஆறு பேரும் சன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம். பார்க்க ஒன்றுமில்லை. கடைகளும் லாரிகளும்தான்.

மூன்றாம் நாள் எங்கள் கலைநிகழ்ச்சி. மொழி ஒன்றுதானே என்ற துணிச்சலில் எங்களில் ஒருவர் மேடையேறி, நிகழ்ச்சி இலவசம் என்று சொல்வதற்காக "பெர்ச்சுமா" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நம் நாட்டு மலாயில் பெர்ச்சுமா என்றால் இலவசம். இந்தோனேசியாவில் வீண், பயனற்றது என்று பொருளாம். பயனற்ற நிகழ்ச்சிக்கு எல்லாரையும் அன்போடு அழைத்திருக்கிறோம்! உறுமி முழங்கியபின் அந்தக் குறை தீர்ந்தது. அவர்கள் பிள்ளைகளும் மேடைக்கு வந்து எங்கள் மாணவிகளோடு கோலடித்தார்கள்.

மேடான் தமிழர்களின் பழைய குடியிருப்புக்கு முன்பு கம்போங் கெலிங் என்று பெயர். இப்போது கம்போங் மெட்ராஸ் என்கிறார்கள். பாபுரா ஆற்றங்கரைப் பக்கம். பெரிய பேரங்காடி ஒன்றின் அருகில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1884இல் கட்டியது. தமிழ் முஸ்லிம்களின் பழைய பள்ளிவாசலும் அந்த வட்டாரத்தில்தான். நகரத்தின் இன்னொரு பக்கத்தில் வேளாங்கண்ணி அன்னைக்கு ஒரு தேவாலயம், 2005இல் திறந்தது. தூரத்தில் பார்த்தால் கோபுரம் வைத்த கோயில் போலவே தெரியும். மாட்டுவண்டி ஓட்டியவர்களின் வழிவந்தவர்கள் இன்று வியாபாரம் செய்கிறார்கள், அலுவலகங்களில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். சாப்பிடச் சொல்லி விடவே மாட்டார்கள்.

ஆனால் வீட்டில் பேசுவது பெரும்பாலும் இந்தோனேசிய மொழி. நம் நாட்டில் இருப்பதுபோல் அரசாங்கத் தமிழ்ப் பள்ளிகள் அங்கே இல்லை. ஒரு பையன் மிக அருமையாகப் பக்திப் பாடல் பாடினான். உச்சரிப்பு சுத்தம். கையில் இருந்த நோட்டை வாங்கிப் பார்த்தோம். பாட்டு முழுவதும் ரோமன் எழுத்தில் இருந்தது. எங்கள் மாணவி ஒருத்தி, ஐந்தாம் வகுப்பு, அவன் பெயரைக் கேட்டு நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தெரியவில்லை. அவனைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்களுக்கு வாய்க்காதது நமக்கு வாய்த்தது. வாய்த்த பள்ளியிலும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்து வருவது, தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் போய்விட்ட ஊர்களில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான்காம் நாள் மலைக்குப் போனோம். பெராஸ்தாகியில் காரோ மக்களைப் பார்த்தோம். அவர்களுக்குள் செம்பிரிங் என்று ஒரு குலம். அதன் கிளைப் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா, பெலாவி, பிரமணா. சோழர், பாண்டியர், மலையாளத்தார், பல்லவர் என்று நமக்குக் கேட்கிறதல்லவா? ஆராய்ச்சியாளர்களும் இவை தென்னிந்தியத் தொடர்பால் வந்த பெயர்கள் என்றே கருதுகிறார்கள். கூலியாகப் போவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் வணிகராகச் சுமத்திராவுக்குப் போயிருக்கிறார்கள். மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகத்துக்கு அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை, வரும் கப்பல் கட்ட வேண்டிய பொன்னைப் பற்றி, வெட்டி வைத்திருக்கிறது. அந்தக் கல் இப்போது ஜாகர்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாங்கள் படம்தான் பார்த்தோம். பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். நம் கடையில் துணிப்பெட்டிக்கு வாங்கும் உருண்டையைக் "காப்போர் பாருஸ்" என்று சொல்கிறோமே, அந்த பாருஸ். மேடானுக்கு அருகிலேயே கோத்தா சீனா என்ற பழைய துறைமுகத்தில் 1970களில் தோண்டியபோது விஷ்ணு, இலட்சுமி, புத்தர் சிலைகள் சோழர் பாணியில் கிடைத்தன.

தோபா ஏரியையும் எட்டிப் பார்த்தோம். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வாய் அது. அதன் சாம்பல் நம் பேராக்கில், லெங்கோங் பக்கம் கோத்தா தம்பானில் படிந்து கிடக்கிறது. மழையும் மூடுபனியுமாக இருந்ததால் ஏரி பாதிதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் அந்த மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்தது. ஆப்பிரிக்கச் செம்பனை 1848இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்தது. அவற்றின் விதைகளை டெலிக்குக் கொண்டுபோய், புகையிலைத் தோட்டங்களில் சாலையோரம் அழகுக்காக நட்டார்கள். யாருக்கும் எண்ணெய் எண்ணம் இல்லை. அந்த அலங்கார மரங்கள் நல்ல காய்ப்பு மரங்கள் என்று பிறகு தெரிந்தது. சுமத்திராவிலிருந்து விதை வாங்கிவந்து, போக்கோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர். இன்றும் கன்றுக்கொட்டகையில் வளரும் கன்றுகளுக்குத் தாய்மர வகை எது என்று கேட்டால் "டெலி டூரா" என்பார்கள். நீங்கள் அரிவாள் கட்டி இழுக்கும் குலையில் டெலியின் பெயர் இருக்கிறது. ரோடு போட்ட தமிழர்கள் அந்த அலங்கார மரங்களின் நிழலில் எங்காவது உட்கார்ந்திருப்பார்கள் என்று பாட்டியிடம் சொன்னோம். "உக்கார விட்டிருப்பாங்களா?" என்று கேட்டார்.

புகையிலைப் பரப்பு இன்று மிகவும் சுருங்கிவிட்டது. டச்சுத் தோட்டங்களை இந்தோனேசிய அரசு 1957க்குப் பிறகு தேசியமயமாக்கியது. செம்பனையும் ரப்பரும்தான் எங்கும்.

பாட்டி வந்த காரியம்? பெரிய தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கம்போங் மெட்ராஸில் வயதானவர்களிடமெல்லாம் விசாரித்தோம். அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். யார் யாருக்கு உறவு என்று சொல்ல ஆள் இல்லை. எண்பது வயது அம்மா ஒருவர் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இந்தோனேசிய மொழியில் பேசினார். பாட்டி தோட்டத்து மலாயில் பதில் சொன்னார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா புள்ளைங்க கதைதான் வாத்தியாரே" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினார். பூசாரி தமிழ் தெரிந்தவர். பெயர் கேட்டார். பாட்டி பெரிய தாத்தாவின் பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

"தெரியாது சாமி."

"ராசி?"

"அதுவும் தெரியாது."

பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு, எந்த ஊர்க்காரர் என்று கேட்டார்.

"இந்த ஊருதான் சாமி" என்றார் பாட்டி.